ஆறாம் நம்பர் கம்ப்யூட்டர்

அத்தியாயம் 17

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் இருக்கும் அந்த பிரவுசிங் சென்டரின் மாடிப்படியில் சங்கமித்ராவை நிறுத்திவிட்டுத்தான் போன வாரம் நாம் கலைந்து போனோம். ஒரு வாரமாகப் படியிலேயே நிற்கிறாள், பாவம். இன்று சனிக்கிழமை காலை. மேலே ஏற்றிவிடுவோம்.

அதற்கு முன், நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு சின்னப்பையனுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் செங்குட்டுவன், இளையவள் சங்கமித்ரா. தாய் பூவம்மா இறந்த அன்று செங்குட்டுவன் கால்பந்து ஆடக் கல்கத்தா போயிருந்தான். சேதி கிடைத்து அவன் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வாசலில் நின்ற மகனைப் பார்த்துச் சின்னப்பையன் சொன்னார்: "பெத்தவ சாவுக்கு வராதவன் என் சாவுக்கும் வராத. எனக்கு மண்ணு தள்ள ஊர்ல ஆளு கீது." தோளில் இருந்த பையைக் கீழே இறக்காமலே திரும்பிப் போனவன்தான். கப்பலில் வேலை செய்கிறான் என்று யாரோ சொன்னார்கள். ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

அந்த அண்ணனைத் தேடிப் பிடிக்கத்தான் போன ஜூனில் சங்கமித்ரா ஒரு வெப்சைட் போட்டாள்.

வெப்சைட் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தமே ஒரு பக்கம். யானைக்கவுனி பார்சல் ஆபீசில் பில் எழுதுகிறவளுக்கு அதற்கு மேல் எங்கே போவது? ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சின்னப் புத்தகத்தைப் பார்த்து நோட்பேடில் அடித்தாள். ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டு வந்து, ஓசியில் இடம் கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஏற்றினாள். ஓசிக்குக் கூலியாகப் பக்கத்தின் உச்சியில் ஒரு விளம்பரம் ஓயாமல் கண்ணடித்துக்கொண்டிருக்கும். அண்ணனோடு பந்தாடிய ஒரு பையனிடமிருந்து அண்ணனுடைய இமெயில் முகவரி கிடைத்திருந்தது. அதற்குப் பக்கத்தின் விலாசத்தை அனுப்பிவிட்டு, வாரம் தவறாமல் சனிக்கிழமை வந்து பதிலுக்குப் பார்ப்பாள். பதில் வந்ததே இல்லை.

"அக்கா, உன் பேஜை ஒருத்தரு பாத்துட்டாரு" என்றாள் அம்மு, சங்கமித்ரா மேலே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள்.

அம்மு அந்த சென்டரின் கல்லாவில் உட்காருகிறவள். சங்கமித்ராவுக்கு வெப்சைட் போடக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். கற்றுக்கொடுத்தாள் என்பதைவிட, தெரிந்த அரைகுறையை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் சரி.

"யாரு?"

"தெர்ல. நேத்து சாயங்காலம் வந்தாரு. ஆறாம் நம்பர்ல உக்காந்து மெயில் தொறந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு எட்டிப் பாத்தா உன் பேஜ் கீது. எனக்கு சந்தோசம் தாங்கல. நம்ம ரெண்டு பேர வுட்டா அத்தத் தொறக்க இன்னொரு மனுசன் வந்துட்டானேன்னு."

"ஆளு எப்படி இருந்தாரு?"

"கறுப்பா, ஒயரமா. புருவத்துக்கு மேல தையல் போட்ட தழும்பு."

சங்கமித்ரா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மைதானத்தில் எவனோ பூட்ஸ் காலால் உதைத்து வந்த தழும்பு அது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டபோது அண்ணன் சும்மா உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நின்ற அவள்தான் அழுது தீர்த்தாள்.

"அம்மு, அது எங்க அண்ணன்."

"உங்க அண்ணனா?" அம்முவின் குரல் இறங்கியது. "அக்கா, அவரு அழுதாருக்கா."

அழுதான் என்றதும் இவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அழட்டும். அழத்தானே எழுதியிருந்தாள்? ஐந்து வருஷத்து ரோஷம் அந்த நாற்காலியில் கரைந்து போயிருக்கும். இன்றைக்கே வீட்டுக்கு வருவான். கறி எடுக்க வேண்டும், ஆபீசுக்கு லீவு சொல்ல வேண்டும் என்றெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டாள். அந்த ஒரு நொடி சந்தோஷத்தை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அம்மு தொடர்ந்து பேசிவிட்டாள்.

"ரொம்ப நேரம் மூஞ்சிய மூடிகினு உக்காந்துகினு இருந்தாரு. அப்பால பிரிண்ட் ஒண்ணு கேட்டாரு, இன்னான்னு பாக்காமலே எடுத்துக் குடுத்தேன். நாலா மடிச்சு சட்டப் பையில வெச்சுகினாரு. சில்லற குடுத்தா வாங்கல. நாளைக்குப் பன்னண்டு மணிக்குக் கப்பல், இந்த ஊரு காசு எனக்கு இனிமே இன்னாத்துக்குன்னாரு. வாசல் வரைக்கும் போயி, திரும்பி நின்னு, 'எனக்கு ஒருத்தரும் சொல்லலம்மா'ன்னு ஒரு வார்த்த சொன்னாரு. அத்த எங்கிட்ட ஏன் சொல்றாருன்னு தெர்ல. பசங்க கூட்டம் வேற. நான் கேக்காம வுட்டுட்டேன்."

"இன்னாத்த சொல்லல?"

"அதாங்கா எனக்கும் புர்ல."

சங்கமித்ரா எழுந்து ஆறாம் நம்பர் கம்ப்யூட்டருக்குப் போனாள். அதில் அவள் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. ஃபேனுக்குக் கீழே இருக்கிற இரண்டாம் நம்பர்தான் அவளுக்கு எப்போதும். விலாசத்தை அடித்தாள். பக்கம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக இறங்கியது.

முதலில் கண்ணடிக்கும் விளம்பரம். அதன் கீழே நைனா சின்னப்பையனின் முகம். காது வரைக்கும் ஏறிய ரோஜா மாலை. கேமராவைக் கண்டால் சிரிக்காத பரம்பரை அவர்களுடையது. முகம் உம்மென்று இருந்தது. அதற்குக் கீழே தேதி, 31.5.2002. அதற்கும் கீழே அவள் தமிழில் எழுதிய பதினாலு வரி இருக்க வேண்டும். இல்லை. அந்த இடத்தில் கொக்கியும் கோடும் கேள்விக்குறியும் தாறுமாறாகக் கொட்டிக் கிடந்தன.

"அம்மு, இதுல என் எழுத்து எங்க?"

அம்மு வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா. தமிழ் ஃபான்ட் ரெண்டாம் நம்பர்ல மட்டும்தான் கீது. கல்யாணப் பத்திரிக அடிக்கறதுக்கு ஓனரு போட்டது. மத்த எதுலயும் இல்ல. எனக்குத் தோணவே இல்லியே."

தோன்றாதது அம்முவுக்கு மட்டுமா? ஒரே கம்ப்யூட்டரில் அடித்து, ஒரே கம்ப்யூட்டரில் பார்த்து, உலகம் முழுக்க அப்படியே தெரியும் என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மெயிலும் அதே எழுத்தில் போனதுதான். அண்ணனால் படிக்க முடிந்தது பக்கத்தின் விலாசம் ஒன்றை மட்டும். இங்கிலீஷில் நாலு வரி எழுதியிருக்கலாம். கூடப் பிறந்தவனிடம் இங்கிலீஷில் போயா அழுவது என்று அன்றைக்கு ஒரு வீம்பு.

அந்தப் படம் சின்னப்பையன் ஹார்பரிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் எடுத்தது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, பேண்டு வாத்தியத்தோடு வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். முழுப் படத்தில் பின்னால் 'பணி நிறைவுப் பாராட்டு விழா' என்று பேனர் இருந்தது. பக்கத்தில் கூட்டாளிகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். படம் பெரிதாக இருந்தால் திறக்க நேரம் பிடிக்கிறது என்று பேனரை வெட்டினாள். பிறகு கூட்டாளிகளை வெட்டினாள். முகமும் மாலையும் மட்டும் மிஞ்சின. கத்தரித்துவிட்டு, பளிச்சென்று இருக்கிறது என்று அம்முவிடம் பெருமை வேறு பட்டுக்கொண்டாள்.

மாலை போட்ட முகம், கீழே ஒரு தேதி. நம் பக்கத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கிற சங்கதிதானே? அதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு வேறு எழுத்து எதற்கு?

இப்போதுதான் அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குச் சுளீரென்றது. எனக்கு ஒருத்தரும் சொல்லல. அவர்கள் தெருவில் கேஸ் போட்ட பங்காளிக்கும் சாவுச் சேதி போய்விடும். அடித்துக்கொண்ட சம்பந்திக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விட்டால் உறவு அத்தோடு அறுந்தது என்று அர்த்தம். அப்பன் வராதே என்று சொன்ன சொல்லைத் தங்கச்சியும் காப்பாற்றி, எல்லாம் முடிந்த பிறகு மெயில் போட்டிருக்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருப்பான். வரச் சொல்லி எழுதிய பக்கம் அவனை வாசல் வரை வந்து திரும்ப வைத்துவிட்டது.

அழ நேரம் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் படியில் ஓடினாள்.

சின்னப்பையன் ஹவுசிங் போர்டு மாடியில் பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணி காயப்போடும் கொடி கட்டிக்கொண்டிருந்தார். வேலையில் இருந்த நாளெல்லாம் கப்பல் கயிறு கட்டுகிற, அவிழ்க்கிற கேங்கில் இருந்த கை அது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லை. அதனால் பிளாக்கில் உள்ள கொடி எல்லாவற்றையும் அவரே அவிழ்த்து அவரே கட்டினார். அவர் போட்ட முடிச்சை வேறு யாராலும் பிரிக்க முடியாமல் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நைனா, சட்டைய மாட்டு. ஹார்பருக்குப் போவணும்."

"இன்னாத்துக்கு?"

"அண்ணன் வந்துகீறான்."

கயிற்றின் நுனி அவர் கையிலேயே நின்றது. எதிரே இருந்த தண்ணீர் டாங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வந்தா வரட்டும். வூடு தெரியாதா அவனுக்கு? நான் இன்னாத்துக்குப் போவணும்?"

"வரமாட்டான் நைனா. நீ செத்துட்டன்னு நெனச்சுகினு கீறான். பன்னண்டு மணிக்குக் கப்பல் கெளம்புது."

மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கயிற்றை விட்டுவிட்டுச் சட்டையைத் தேடப் போனார். பட்டனை மேலும் கீழுமாக மாட்டிக்கொண்டு வந்தார். அதைச் சொல்லவும் அவளுக்குத் தைரியம் இல்லை.

விஷயம் முழுவதையும் ஆட்டோவில்தான் சொன்னாள். நைனாவுக்குத் தெரியாமல் பக்கம் போட்டதை, படத்தை வெட்டியதை, எழுத்து தெரியாமல் போனதை. திட்டுவார் என்று பார்த்தாள். அவருக்குப் புரியவே பாதி வழி ஆயிற்று.

"வெப்சைட்டுன்னா இன்னா, போஸ்டரா?"

"போஸ்டர் மாதிரிதான் நைனா. உலகத்துல எங்க வேணா பாக்கலாம்."

"அப்ப உலகம் பூரா என்னச் சாவடிச்சு ஒட்டி வெச்சுகீற."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  மூலக்கொத்தளம் தாண்டியதும் அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அழுதானா?"

"இன்னா நைனா?"

"நான் செத்துட்டன்னு பாத்துட்டு அழுதானா?"

"அழுதான்னு அம்மு சொன்னா."

சின்னப்பையன் தலையை ஆட்டிக்கொண்டார். "அவங்க ஆத்தா செத்தப்ப அழல அவன். வந்து கல்லாட்டம் நின்னான். அத்தப் பாத்துதான் எனக்கு வெறி ஏறிச்சு. ஒரு சொட்டு கண்ணீரு வுட்டிருந்தா அந்த வார்த்த என் வாயில வந்திருக்காது. இப்ப எனக்காவ அழுதுகீறான். நான் குத்துக்கல்லாட்டம் ஆட்டோல போய்கினு கீறேன்."

அவர் கை அவளுடைய கையைத் தேடிப் பிடித்தது. அப்படிப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஹார்பர் கேட்டில் இருந்த காவலர் புதிய ஆள். பாஸ் கேட்டார். சின்னப்பையனின் பாஸை ஓய்வு பெற்ற அன்றே மாலையையும் சால்வையையும் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் தூக்கக் கலக்கத்திலும் நுழைந்து போன வாசல் அது. இன்றைக்கு அவர் கைகட்டி நின்று கதையைச் சொன்னார். காவலரும் பிள்ளை பெற்றவர்தான் போலிருக்கிறது. உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டு, பூத்துக்குள் இருந்த போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கப்பல் நிற்கும் பெர்த்தில் உள்ள கேங் ஷெட்டுக்குப் போன் போட்டார் சின்னப்பையன். எடுத்தது சண்முகவேல். இருபது வருஷம் அவரோடு சேர்ந்து கயிறு இழுத்த கூட்டாளி.

"சம்முவம், நான்தான். பன்னண்டு மணிக்கு இன்னா கப்பல் கெளம்புது?"

"கோதுமைக் கப்பல்ணே. இப்பதான் கடைசிக் கயித்தை விட்டோம். டக் போட் இழுத்துக்கிட்டிருக்கு. ஏன்?"

"அதுல என் புள்ள கீறான். நான் செத்துட்டன்னு நெனச்சுகினு போறான். ஓடிப் போய் சொல்லு சம்முவம். உங்கப்பன் உசிரோட கீறான்னு கத்திச் சொல்லு."

ரிசீவர் மேஜையில் விழும் சத்தம் கேட்டது. ஓடும் காலடி கேட்டது. அப்புறம் வெறும் இரைச்சல்தான். சின்னப்பையன் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். சங்கமித்ரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டைத் தாண்டி லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

நெடுநேரம் கழித்து சண்முகவேல் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"கப்பல் கொஞ்சம் தள்ளிப் போயிட்டுதுண்ணே. பின்பக்கம் கயிறு சுத்திக்கிட்டு ஒரு பையன் நின்னான், நம்ம ஊர்ப் பையன் மாதிரி. தொண்டை கிழியக் கத்தினேன். டக் சத்தத்துல கேட்டுச்சோ என்னவோ. வயர்லெஸ் வச்சிருக்கிற ஆபீசரும் அடுத்த பெர்த்துக்குப் போயிட்டாரு. ஆனா அவன் என்னைப் பார்த்து கையை ஆட்டினாண்ணே. கேட்டிருக்கும்."

சின்னப்பையன் போனை வைத்தார். சண்முகவேல் சொன்னதை மகளிடம் அப்படியே சொன்னார்.

"கேட்டிருக்கும் நைனா. அதான் கைய ஆட்டிகீறான்."

"இல்ல மித்ரா." அவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து கடல் தெரியாது. குடோன் சுவர்தான் தெரியும். "கப்பல் கெளம்பசொல்ல கரையில கீறவனுக்கு எல்லாரும்தான் கைய ஆட்டுவான். கேட்டிருந்தா அவன் கைய ஆட்டியிருக்க மாட்டான்."

கொஞ்சம் பொறுத்து, "மூணு மாசம் முந்தி வந்திருந்தான்னா, அந்தக் கயித்த அவுக்க நான்தான் நின்னிருப்பேன்" என்றார்.



கப்பலுக்குச் சேதி அனுப்ப வேண்டுமானால் கப்பல் ஏஜென்ட் மூலமாக அனுப்பலாம் என்று காவலர் சொன்னார். தம்பு செட்டித் தெருவில் விசாரித்து அந்த ஆபீசைக் கண்டுபிடிப்பதற்குள் சனிக்கிழமை அரை நாள் முடிந்துவிட்டது. ஷட்டர் இறங்கியிருந்தது. வாட்ச்மேன் டிபன் பாக்சைக் கழுவிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை வாருங்கள், அதற்குள் கப்பல் நடுக்கடலுக்குப் போயிருக்கும், அங்கேயும் சேதி போகும், ஆனால் கேப்டன் மனசு வைக்க வேண்டும் என்றான். அது சிங்கப்பூருக்கும் அந்தப் பக்கம் போகிற கப்பல் என்றும் அவனே சொன்னான்.

திங்கட்கிழமை வரை சும்மா இருக்க சின்னப்பையனால் முடியவில்லை.

"எங்க அந்தக் கம்ப்யூட்டரு? காட்டு எனக்கு."

பிரவுசிங் சென்டரில் அம்மு எழுந்து நின்று அவருக்கு நாற்காலி போட்டாள். ஆறாம் நம்பரில் பக்கம் இன்னும் திறந்தபடியே இருந்தது. தன் முகத்தைத் தானே மாலையோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். மகன் உட்கார்ந்த அதே நாற்காலி என்று அம்மு சொன்னாள். அதைக் கேட்டதும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"கீழ இன்னா எழுதின நீ?"

சங்கமித்ரா அவரை இரண்டாம் நம்பருக்கு அழைத்துப் போய்த் திறந்து காட்டினாள். அங்கே எல்லாம் சரியாகத் தெரிந்தது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். அண்ணா, நைனா ரிட்டயர் ஆயிட்டாரு. அவருக்கு உன் மேல இருந்த கோபமெல்லாம் போச்சு. நான் பேசுனது தப்புன்னு தினம் சொல்றாரு. குட்டுவன் எப்ப வருவான்னு கேட்டுகினே கீறாரு.

படித்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். "நான் எப்ப இதெல்லாம் சொன்னேன்?"

அவள் தலை குனிந்தாள். ஆம், அவர் சொல்லவே இல்லை. ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பெயரை எடுத்தவர் இல்லை. அவர் சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் இவளாகவே எழுதிவிட்டாள்.

"நீ சொல்லல நைனா. நானா போட்டேன்."

"சொல்லியிருக்கணும்" என்றார் சின்னப்பையன். "நான் சொல்லியிருக்கணும்மா. நீ பொய் எழுதற மாதிரி வெச்சுட்டேன் பாரு." கண்ணைத் துடைத்துக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. "இப்ப நான் சொல்றேன். இதுல எழுதினா அவனுக்குத் தெரியுமா?"

"தமிழ்ல அடிச்சா தெரியாது நைனா. கைல எழுதிக் குடு. அத்தப் படமா எடுத்துப் போட்டா எல்லாக் கம்ப்யூட்டர்லயும் தெரியும்."

எவ்வளவு சின்ன வேலை பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தால் போதும். இதை ஜூனிலேயே செய்திருந்தால் இந்த அத்தியாயமே எனக்கு எழுத வேண்டி வந்திருக்காது.

அம்மு தாளும் பேனாவும் கொடுத்தாள். அவர் குனிந்து, தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்ததும் மூன்றே வரிதான் இருந்தது.

குட்டுவா நான் சாவல. ரிட்டேர் ஆனேன்.
நான் பேசினது தப்பு.
வூட்டுக்கு வா.

கீழே சம்பளப் பட்டியலில் போடுகிற மாதிரி சின்னப்பையன் என்று கையெழுத்துப் போட்டார். பார்த்தார். அதை அடித்துவிட்டு, நைனா என்று எழுதினார்.

கீழ்த்தளத்து ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து ஃப்ளாப்பியில் வாங்கி வந்தாள் சங்கமித்ரா. மாலை போட்ட படத்தை எடுத்தாள். தேதியை எடுத்தாள். தான் எழுதிய பதினாலு வரியையும் எடுத்தாள். நைனாவின் கையெழுத்தை மட்டும் வைத்து ஏற்றினாள். ஃப்ளாப்பி ஒரு முறை முரண்டு பிடித்து, இரண்டாவது முறை படிந்தது. ஆறாம் நம்பரில் திறந்து பார்த்தார்கள். கோணல்மாணலான அந்த மூன்று வரியும் பளிச்சென்று தெரிந்தன. அண்ணனுக்கு ஒரு மெயிலும் போட்டாள், இந்தத் தடவை இங்கிலீஷ் எழுத்தில்.

போட்டு முடித்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. கேப்டன் மனசு வைத்துச் சேதி சொல்லாவிட்டால், இதை அவன் எதற்காகத் திரும்பத் திறப்பான்? அப்பன் சாவை அடக்கம் முடியும் வரை மறைத்த தங்கச்சி அனுப்பும் மெயிலை எந்த அண்ணன் படிப்பான்? ஒரு தடவை அழுது முடித்த சாவை மறுபடி பார்க்க, எந்த ஊரில் போய்க் காசு கொடுத்து உட்காருவான்? செய்ய வேண்டியது எல்லாம் சரியாகச் செய்தாகிவிட்டது, அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அம்முவைப் பார்த்தாள். அம்முவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

சின்னப்பையன் மட்டும் தெளிந்திருந்தார். காலையிலிருந்து இல்லாத ஒரு தெம்பு அவர் குரலில் வந்திருந்தது.

"இப்ப இது எங்க வேணா தெரியும், இல்ல?"

"தெரியும் நைனா."

"அப்ப அடுத்த ஹார்பர்ல கரை எறங்கினதும் பாத்துடுவான்."

"பாத்துடுவான் நைனா" என்றாள் சங்கமித்ரா.

அவர் திருப்தியோடு எழுந்தார். தாறுமாறாக மாட்டியிருந்த சட்டைப் பட்டனை இப்போதுதான் கவனித்துச் சரிசெய்துகொண்டார். வாசல் வரை போனவர், எதையோ நினைத்துக்கொண்டு கல்லாவுக்குத் திரும்பி வந்தார்.

"ஏம்மா, கடைய எப்ப சாத்துவ?"

"ஒம்போது மணிக்கு நைனா."

"சாத்தசொல்ல அந்த ஆறாம் நம்பரை மட்டும் அணைச்சுடாத. அவன் தொறந்து பாக்கற நேரத்துல எழுத்து இல்லாம போயிடப் போவுது. கரண்டு காசு ஆவறத நான் குடுத்துடறேன்."

அம்மு சங்கமித்ராவைப் பார்த்தாள். சங்கமித்ரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அணைக்க மாட்டேன் நைனா" என்றாள் அம்மு.